சிங்க்கின் இடது மூலை

அந்த ஐந்தடுக்குக் கட்டடத்திலிருந்து இரண்டு மாதத்தில் மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றும் ஒரே புகார்தான்: சமையலறைக் கதவு நிலையில் உரசுகிறது. முதலில் நான்காம் மாடி, அப்புறம் மூன்றாம் மாடி, அப்புறம் மறுபடியும் நான்காம் மாடி. மூன்று முறையும் கச்சிதம் பையைத் தூக்கிக்கொண்டு போனார். இழைப்புளியால் கதவின் மேல் விளிம்பை மெல்லிசாகச் சீவினார். கீல் திருகுகளை ஒரு சுற்று இறுக்கினார். கதவைத் திறந்து மூடிக் காட்டினார். அது சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மழைக்காலத்தில் மரம் ஊதும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்த இரண்டு மாதத்தில் மழை பெய்தது ஒரே ஒரு நாள். அது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

கச்சிதம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்த வேலை முடிந்தாலும் இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "கச்சிதமா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. வீட்டுக்காரம்மாவே போனை எடுத்தால், "கச்சிதம் குளிக்கிறார், அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்.

வயது ஐம்பத்தெட்டு. இருபது வயதில் இயந்திரங்களை ஊர்விட்டு ஊர் அனுப்பும் மரப்பெட்டிகள் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே படித்தது ஒரே பாடம். பெட்டிக்கும் பொருளுக்கும் நடுவே இடம் விட்டால் பொருள் ஆடும், ஆடினால் உடையும். அந்தப் பாடத்தை அப்படியே சமையலறைகளுக்குள் கொண்டுவந்தார். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சர்கள் பேசுவது அந்தக் கணக்கில்தான். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் பட்டை அடித்து மறைக்கிற இடத்தில் அவர் பலகையைச் சுவரின் கோணலுக்கு ஏற்ப இழைத்து உட்கார வைப்பார். அதற்காகவே ஆட்கள் காத்திருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

வரைபடம் போடுவது வீட்டுக்காரம்மாவின் வேலை. அவர் தையல்காரர். கச்சிதம் அளவு சொல்லச் சொல்ல, சட்டைக்கு வெட்டுப்படம் போடுவதுபோல் பழுப்புக் காகிதத்தில் சமையலறையைப் போட்டுவிடுவார்.

"துணின்னாகூட தையலுக்குன்னு அரை இஞ்ச் விடுவோம். நீங்க எதையும் விடறதில்ல" என்பார்.

"துணி ஆளோட சேர்ந்து நடக்கும். சுவர் எங்க நடக்கப் போகுது?" என்பார் கச்சிதம்.

மனைவியின் தம்பிதான் வேலையில் கூட்டாளி. இருபது வருடமாக ஒரே வண்டியில் போய் வருகிறார்கள். மச்சானுக்குக் கை நிதானம், வாய் வேகம். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனைக்குக் கதை தானாக வந்துசேரும்.

இந்த நிலையில்தான் இரண்டாம் மாடி நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது. கதவுக்காக இல்லை. சிங்க்கைச் சுற்றியுள்ள அலமாரிகளை மொத்தமாக மாற்ற வேண்டும்.

"நீங்க போட்டதுதாண்ணே. பதினாலு வருஷம் உழைச்சிடுச்சு, குறை சொல்லல" என்று நர்ஸம்மா சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்தார். "ஆனா உள்ள பாருங்க."

அடிப்பலகை ஊறி, உப்பி, நடுவில் குழி விழுந்திருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. சிங்க்குக்குக் கீழே வளைகிற குழாயின் இணைப்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுவதற்குள் அடுத்தது திரண்டது. எத்தனை வருடமாகச் சொட்டுகிறதோ, யாருக்கும் தெரியாது. விழுந்த தண்ணீர் தரைச் சரிவில் இடது மூலைக்கு ஓடியிருந்தது. அந்த மூலையில் சுழலும் தட்டு வைத்த அலமாரி இருந்ததால், அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"அதுல மீன் வளர்க்கலாம்னு சொன்னேன். இவ ஒத்துக்கல" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நர்ஸம்மாவின் கணவர். பஸ் ஓட்டுநர். பத்தொன்பது வருடம் பஸ்ஸில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தார்.

"நீங்க டிவியைப் பாருங்க" என்றார் நர்ஸம்மா. பிறகு விரல் விட்டுத் தன் தேவைகளைச் சொன்னார். கீழே கதவு வேண்டாம், இழுப்பறை வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. சிங்க்குக்கு நேர் கீழே வரும் இழுப்பறையை, குழாய்க்கு இடம் விட்டு நடுவில் வெட்டிவிட வேண்டும். குப்பைக் கூடை இழுத்தால் வெளியே வர வேண்டும். அடியில் இரும்புக் கால் வைத்துத் தூக்கிவிட வேண்டும், தண்ணீர் கசிந்தால் உடனே கண்ணில் பட வேண்டும்.

"மூலையில சுத்தற தட்டு?"

"அது மட்டும் வேண்டாம். அதுல போன வெங்காயம் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

கச்சிதம் டேப்பை எடுத்தார். வலது சுவரிலிருந்து இடது மூலையில் நிற்கும் தூண்வரைக்கும் அளவு. மேலே, கிரானைட் பலகைக்கு ஒட்டி ஐந்தடி பதினோரு அங்குலம். நடுவில் அளந்தால் மூன்று நூல் குறைந்தது. திரும்ப அளந்தார். அதே மூன்று நூல். தரையோடு அளந்தால் ஒரு நூல்தான் குறைவு. நடுவயிற்றில் தூண் தொப்பை போட்டதுபோல்.

அன்று மாலை வீட்டில் பழைய நோட்டைப் புரட்டினார். பதினான்கு வருடத்துக்கு முன் அவர் எழுதிய பக்கத்தில் மேல், நடு, கீழ் மூன்றுக்கும் ஒரே அளவு இருந்தது. அவர் செய்த வேலை. மாறியிருக்க வழியில்லை.

"டேப் பழசாயிடுச்சு போல" என்றார்.

வீட்டுக்காரம்மா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டேப் பழசானா எல்லா இடத்துலயும்தான் தப்பு காட்டணும். நடுவுல மட்டுமா காட்டும்?"

"அப்ப டைல்ஸ் உப்பியிருக்கும்."

"உப்பியிருந்தா உள்ள ஏதோ உப்பியிருக்கு. பார்த்துட்டு வெட்டுங்க."

அவர் பார்க்கவில்லை. கடையில் புது டேப் ஒன்று வாங்கினார். நடு அளவை வைத்து, அதற்குத் தக்கபடி பலகைகளை வெட்டினார். பத்து நாளில் நான்கு பெட்டிகள் தயாராயின. வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வி அந்தப் பத்து நாளும் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் உறுத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்க்க மட்டும் அவர் தயாராக இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழையதைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரை அடைத்து, குழாயைக் கழற்றி, சிங்க்கின் கீழ்ப் பெட்டியை வெளியே எடுத்தார்கள். அது கையோடு துண்டு துண்டாக வந்தது. மூலைப் பெட்டி மட்டும் அசையவில்லை. திருகுகளைக் கழற்றியாயிற்று. இருந்தும் யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல் நின்றது.

"மாமா, உங்க வேலை அப்படி. பொணத்தோட சேர்த்துதான் எடுக்கணும்" என்றார் மச்சான்.

"வாயைக் கழுவு."

"தண்ணியை நீங்கதானே அடைச்சீங்க."

கச்சிதம் சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் டேப்பை வைத்தார். புது டேப். நடு அளவு. நான்கு நூல் குறைந்தது.

அவர் சிரிப்பு நின்றது. பத்து நாளைக்கு முன் மூன்று. இன்று நான்கு.

"மச்சான், பெட்டியை இழுக்க வேண்டாம். அப்படியே நில்லு" என்றார். பெட்டியின் பக்கப்பலகையை ரம்பத்தால் மெல்ல அறுத்து, துண்டு துண்டாக எடுத்தார். கடைசித் துண்டு வந்தபோது அதோடு சேர்ந்து ஒரு கை அகல டைல்ஸும், அதற்குப் பின்னாலிருந்த சிமெண்ட்டும் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தன. விழுந்த இடத்தில் தூண் திறந்து கிடந்தது.

உள்ளே கம்பிகள் செம்மண் நிறத்தில், நனைந்து காய்ந்த புத்தகம்போல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. துரு ஊதி ஊதிச் சிமெண்ட்டை வெளியே தள்ளியிருந்தது. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நேராக நிற்க வேண்டிய இரண்டு கம்பிகள் அறைப் பக்கமாக வளைந்திருந்தன. தலையில் பெரும் சுமை ஏற்றியவனின் முழங்கால் மடங்குவதுபோல். அவற்றுக்குப் பின்னால், கான்கிரீட்டில், மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வெடிப்பு. கச்சிதம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதில் நுழைத்துப் பார்த்தார். தட்டையான தச்சுப் பென்சில் பாதிவரை இறுக்கமாகப் போய் நின்றது.

அந்த இடத்தைக் கொத்தியது அவர்.

பதினான்கு வருடத்துக்கு முன் கட்டடம் புதிது. தரைத்தளத்து வீட்டுக்காரர் எங்கோ சுழலும் மூலைத்தட்டைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று நின்றார். தூண் சுவரைவிட இரண்டரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்ததால் தட்டு சுற்றவில்லை. "தூணைக் கொஞ்சம் சீவ முடியாதா?" என்று கேட்டார் அவர். வேறு தச்சராக இருந்தால் சின்னத் தட்டாக வைத்திருப்பார், மூலையில் கொஞ்சம் இடம் போயிருக்கும். கச்சிதத்தால் அதைச் சகிக்க முடியாது. உளியும் சுத்தியலும் எடுத்து, ஒரு மத்தியானத்தில் தூணின் முகத்தைக் கம்பி தெரியும்வரை கொத்தினார். கம்பியைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். அதற்கு மேல் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, அலமாரியை வைத்து மூடினார். தட்டு ஒரு விரல் தொட்டால் சுற்றியது. கச்சிதமாக இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு முதல் மாடி கேட்டது. பிறகு நர்ஸம்மா வீடு. பிறகு மூன்று, நான்கு. ஒரே வருடத்தில் ஐந்து சமையலறை, ஒன்றின்மேல் ஒன்று, ஒரே மூலை. இரண்டு வீடுகளில் கம்பியே குறுக்கே வந்தது. நேர்க்கம்பியை அவர் தொடவில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருந்த மெல்லிய வளையங்களை மட்டும் அறுத்தார். விரல் தடிமன்கூட இல்லாத கம்பி, அது என்ன பாரம் தாங்கப்போகிறது என்று நினைத்தார். நேர்க்கம்பிகள் வளையாமல் அணைத்துப் பிடித்திருப்பதே அந்த வளையங்கள்தான் என்பது அவருக்கு இப்போது, வளைந்த கம்பிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது. நர்ஸம்மா வீடு அந்த இரண்டில் ஒன்று.

ஒவ்வொரு வீட்டையும் நோட்டில் ஒவ்வொரு பக்கமாக எழுதியிருந்தார். ஐந்தும் ஒரே தூண் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

மேலே உரசிய கதவுகள் ஞாபகம் வந்தன. மூன்றாம் மாடி, நான்காம் மாடி. இரண்டும் இந்தத் தூணின் தலைமேல். தூண் இறங்கியிருக்கிறது, நிலை கோணியிருக்கிறது, கதவு இடித்திருக்கிறது. அவர் கதவைச் சீவிவிட்டு டீ குடித்திருக்கிறார்.

மச்சான் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, புதுப்பெட்டி ரெடியா கீழ இருக்கு. ஒரு பலகையை வச்சு மூடிடலாம். சாயங்காலம் போயிடலாம். பதினாலு வருஷம் நின்னது இன்னும் நிக்கும்."

கச்சிதம் பென்சிலை வெடிப்பிலேயே விட்டுவிட்டு, காலடியில் கிடந்த சிமெண்ட்டை ஒதுக்கினார்.

"யாருக்கும் தெரியாது மாமா. நீங்க கொத்தினது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீ வாயைத் திறக்காம இருப்பியா?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வெடிப்பில் செருகியிருந்த பென்சில் தானாக நழுவித் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. பாதிவரை இறுகி நின்ற பென்சில். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கச்சிதம் எழுந்து கூடத்துக்குப் போய், பணிக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எதையும் மறைக்காமல் சொன்னார். நர்ஸம்மா குனிந்து பார்த்தார். நோயாளியின் புண்ணைப் பார்க்கிற மாதிரியே, முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்தார். போனில் நான்கு படம் எடுத்தார்.

"எங்க ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துக்கற இன்ஜினீயர் இருக்கார். அவருக்கு அனுப்பறேன். நீங்க கீழ போய்ச் செயலாளர்கிட்ட சொல்லுங்க."

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தரைத்தளத்துக்காரர். பதினான்கு வருடத்துக்கு முன் தட்டு கேட்டவரும் அவரேதான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை மடித்தபடி கதவைத் திறந்தார்.

"வாங்க கச்சிதம். மேல வேலை ஆரம்பிச்சாச்சு போல, சத்தம் கேட்டுச்சு."

"சார், உங்க வீட்டு மூலை அலமாரியை உடனே கழட்டிப் பார்க்கணும். உங்க வீடு மட்டும் இல்ல, அஞ்சு வீட்டிலயும்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு வீட்டிலயும்" என்று திருப்பிச் சொன்னார். "வேலை கொஞ்சம் மந்தமா இருக்கோ?"

"சார், நான் வேலை பிடிக்க வரல. தூண் வெடிச்சிருக்கு."

"அதைத் தச்சர் சொல்லக் கூடாது கச்சிதம். பல் டாக்டர் வந்து கண்ணு சரியில்லன்னு சொன்னா நம்புவீங்களா?"

"நான் கொத்தின தூண் சார். உங்க வீட்டுலதான் ஆரம்பிச்சேன்."

செயலாளரின் கை நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நர்ஸம்மாகிட்ட."

"சரி. அதோட நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டுப் பொறுமையா பேசுவோம். யார் கொத்தினா, யார் கொத்தச் சொன்னா, அதையெல்லாம் இப்ப கிளறி யாருக்கு என்ன லாபம்?"

"ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள் இருக்கு சார்."

"பதினாலு வருஷம் இருந்ததுக்கு நாலு நாள் பெரிசா?"

"நீங்கதான் சார் கேட்டீங்க, கொஞ்சம் சீவ முடியாதான்னு."

"கேட்டேன்" என்றார் செயலாளர். "கேட்டா செஞ்சிடுறதா? நான் ஆபீஸ்ல பேப்பர் பார்த்தவன். நீங்கதானே தொழில் தெரிஞ்சவர். முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

முடியாது என்று கச்சிதம் எந்தச் சமையலறையிலும் சொன்னதில்லை. அவர் தொழிலில் எடுத்த பேரே அதனால் வந்ததுதான்.

மேலே ஏறியபோது நர்ஸம்மா போனைக் காதில் வைத்திருந்தார். "இந்தாங்க, உங்ககிட்ட கேக்கணுமாம்" என்று நீட்டினார்.

"யாருங்க நீங்க?" என்றது குரல்.

"தச்சர் சார்."

"குறுக்குக் கம்பி எங்க? படத்துல நேர்க்கம்பிதான் தெரியுது. வளையமே காணோமே."

"நான்தான் சார் அறுத்தேன்."

வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே குரல் வேறு மாதிரி வந்தது. "எத்தனை மாடியில?"

"அறுத்தது ரெண்டுல. கொத்தினது அஞ்சுலயும்."

"முதல்ல அந்த அறையை விட்டு வெளிய வாங்க. அப்புறம் எல்லாரையும் கீழ இறக்குங்க. ரெண்டு பக்கத்து வீட்டையும். லிஃப்ட் வேண்டாம், படியில இறக்குங்க. நான் வெளியூர்ல இருக்கேன். வர நாலு மணி ஆயிடும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. புரியுதா?"

ஆட்களை இறக்கியது நர்ஸம்மாதான். தீப்பிடித்த வார்டைக் காலி செய்து பழகியவர். தூண், வெடிப்பு என்று எவரிடமும் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. கதவைத் தட்டி, "பத்து நிமிஷம். மருந்து, போன், சாவி. அடுப்பை அணைச்சிட்டுக் கீழ வாங்க" என்றார். அந்தக் குரலுக்கு ஏன் என்று கேட்கிறவர்களும் படியில் இறங்கிக்கொண்டேதான் கேட்டார்கள். அவருடைய கணவரை நாற்காலியோடு தூக்கி மச்சானும் கச்சிதமும் இறக்கினார்கள்.

"மெதுவா. என் பஸ்ஸில நான் யாரையும் இப்படிக் குலுக்கினதில்ல" என்றார் ஓட்டுநர்.

செயலாளர்தான் கடைசியாக வந்தார். பன்னிரண்டரைக்கு எல்லோரும் தெருவில் இருந்தார்கள். நர்ஸம்மா எண்ணினார். தளத்துக்கு இரண்டாகப் பத்து வீடு, வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் போக இருபத்தாறு பேர்.

முதல் ஒரு மணி நேரம் அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து நாற்காலிகள் வந்தன, தண்ணீர் வந்தது. இரண்டு மணிக்கு வெயில் தலையில் இறங்கியது. கட்டடம் எப்போதும்போல் நின்றது. ஜன்னல்களில் துணி காய்ந்தது. நான்காம் மாடி பால்கனியில் செடிக்கு ஊற்றிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க, அதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்குப் பேச்சு மாறியது. ஒருவருக்கு அணைக்காமல் விட்ட கணினி, ஒருவருக்கு ஊறவைத்த துணி. "அந்த இன்ஜினீயர் போட்டோவைப் பார்த்துச் சொல்லியிருக்கார். போட்டோவைப் பார்த்துப் பொண்ணு வேணா பார்க்கலாம்" என்றார் செயலாளர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒரு அடி வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

கச்சிதம் போய் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார். குறுகிய படி. அவர் உட்கார்ந்தால் தாண்டித்தான் போக வேண்டும்.

"எழுந்திருங்க கச்சிதம்" என்றார் முதல் மாடிக்காரர். "எங்க வீட்டுக்குப் போக உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"நான்தான் கொத்தினேன்" என்றார் கச்சிதம். மறுபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அஞ்சு வீட்டிலயும் தூணை நான்தான் கொத்தினேன். மூலைத்தட்டு வைக்கிறதுக்காக. ரெண்டு வீட்டுல உள்ள இருந்த வளையத்தையும் அறுத்துட்டேன். அதனாலதான் சொல்றேன், போகாதீங்க."

நான்காம் மாடிப் பெண்மணிதான் முதலில் பேசினார்.

"ரெண்டு தடவை வந்து எங்க கதவைச் சீவிட்டுப் போனீங்களே. அப்ப தெரியலையா?"

"தெரியலம்மா. குறை கதவுலதான்னு நினைச்சேன்."

"நினைச்சாராம்" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். பாவி என்றது ஒரு குரல். போலீஸைக் கூப்பிடு என்றது இன்னொன்று. "உனக்கு அவ்வளவு நிச்சயம்னா நீ உள்ள போய் நில்லு, நாங்க வெளிய நின்னு பார்க்கறோம்" என்றார் முதல் மாடிக்காரர். செயலாளர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு வீட்டுக்காரம்மா ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். "எழுந்து வாங்க. உங்க தலைக்கு மேலயும் அதேதானே நிக்குது."

"எழுந்தா இவங்க உள்ள போயிடுவாங்க."

வீட்டுக்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். "அப்ப ரெண்டு பேரா உட்காருவோம். தாண்ட இன்னும் கஷ்டமா இருக்கும்."

கச்சிதம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குள் ஓடியதை அவராலேயே பார்க்க முடியவில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் இருபத்தாறு பேரை வெயிலில் நிறுத்திய பைத்தியக்காரன். நடந்துவிட்டால் இருபத்தாறு பேரின் வீட்டை விழுங்கியவன். ஏதாவது நடந்து தொலைத்தால் தேவலை என்று ஒரு நொடி நினைத்துவிட்டார். அந்த நொடிக்காகத் தன்னை என்ன செய்தாலும் தகும் என்று அடுத்த நொடி நினைத்தார்.

மூன்றே முக்காலுக்கு செயலாளர் முன்னால் வந்தார். "மாத்திரை உள்ள இருக்கு கச்சிதம். நான் தரைத்தளம்தானே. ரெண்டு நிமிஷம்." அவர் வீட்டுக் கதவு படிக்கு இந்தப் பக்கம் இருந்தது. அங்கே போக யாரையும் தாண்ட வேண்டியதில்லை. அவர் வாசல்நிலையில் கால் வைத்தார்.

அப்போது உள்ளே சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ ஒரு பீங்கான் தட்டைத் தரையில் போட்டதுபோல் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு வரிசையாக, மேலிருந்து கீழே, ஒரு சமையலறையிலிருந்து அடுத்த சமையலறைக்கு, டைல்ஸ்கள் சுவரை விட்டுத் தெறித்தன. ஆளில்லாத வீடுகளில் யாரோ இறங்கி வருகிறாற்போல் அது வந்தது. செயலாளரின் வீட்டில் வந்து நின்றது.

செயலாளர் நிலையிலிருந்து காலை எடுத்தார்.

யாரும் கத்தவில்லை. சொல்லிவைத்ததுபோல் எல்லோரும் பின்னால் நகர்ந்து, தெருவைத் தாண்டி, எதிர்ச்சுவரில் முதுகு படும்வரை போனார்கள். கச்சிதம் படியிலேயே இருந்தார். மச்சான் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். மறுபக்கம் வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் நர்ஸம்மா மறுபடி எண்ணினார். இருபத்தாறு. தச்சர் வீட்டார் மூன்று. எல்லோரும் இருந்தார்கள். அவர் அதை இரண்டு முறை எண்ணினார்.

இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலின் கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கோடு ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி இரண்டாகப் பிரிந்து தெருவில் விழுந்தது. யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

சரியாக அந்த நேரத்தில்தான் இன்ஜினீயரின் கார் தெருவில் திரும்பியது. கட்டடத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. இறங்கியவர் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கட்டடத்தை, கீழிருந்து மேல்வரை, ஒருமுறை பார்த்தார். திரும்பிக் காரில் ஏறி, பின்பக்கமாகவே ஓட்டி, தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கச்சிதம் மச்சானின் கையை விலக்கிவிட்டு, அந்தக் காரை நோக்கி நடந்தார். இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இதே கட்டுநர் இதே வரைபடத்தை வைத்து இரண்டு தெரு தள்ளி இன்னொரு கட்டடம் கட்டியிருந்தார். அங்கே கச்சிதம் கொத்தியது நான்கு சமையலறை.